அனுமதிக்கப்பட்ட பிழை

முப்பத்தோரு வருடம் தராசுகளைச் சோதித்தேன்.
மீன்கடை, தபால் நிலையம், மருந்துக்கடை,
கேர்ட்லா சந்தையில் உருளைக்கிழங்கு விற்கும் கிழவர்,
ஹீயுமா தீவு முழுக்க
யாருக்கும் சலுகை இல்லை.
கிலோவுக்கு அரை கிராம் பொறுப்பேன்.
அதற்குமேல் சிவப்புச் சீட்டு.

இப்போது எனக்கு நிறுத்துக் கொடுக்கிறார்கள்.

வெட்டியது போக மிஞ்சிய சிறுகுடல்
அறுபது சென்டிமீட்டர்.
தார்த்து ஆஸ்பத்திரியில் அந்தச் சின்ன டாக்டர்
மேசைமேல் கையை விரித்து
மூன்றுமுறை நகர்த்திக் காட்டினாள்.
மூன்று சாண்.
ஒரு சாண் வயிற்றுக்காகத்தான் இத்தனை ஓட்டமும் என்பார்கள்.
என்னுள் எது விழுந்தாலும் நிற்காமல் ஓடிவிடுகிறது.
சாப்பிடலாம், தடையில்லை, என்றாள்.
சாப்பிட்டுக்கொண்டே பட்டினி கிடக்கலாம்.

ஆகவே இரவு எட்டுக்குப் பை.
மோர் நிறம். விட்டமின் ஏற்றியதும் லேசாக மஞ்சள்.
விரலிடுக்கு, நகக்கண், மணிக்கட்டு கழுவு.
குழாய் முனையை ஸ்பிரிட் பஞ்சால்
பதினைந்து எண்ணும்வரை தேய்.
தானாக உலரட்டும். ஊதாதே.
இந்த வீட்டில் இதற்குமுன் யாரும்
இவ்வளவு பயந்து சாப்பிட உட்கார்ந்ததில்லை.
பம்ப் முனகத் தொடங்கும்.
நாக்கைக் கேட்காமல், பல்லைத் தாண்டி,
இதயத்தின் வாசலில் சொட்டும்.
காலை எட்டுக்கு நான் உண்டு முடித்தவள்.
ஏப்பம்கூட இல்லை.

வாம்போலா கொட்டகையில் சாப்பிடுகிறான்.
விறகடுக்குப் பக்கம், நின்றபடி,
ரம்பப் பெட்டியின்மேல் தட்டு.
எனக்குத் தெரியாது என்று நினைப்பு.
அவன் கம்பளிச் சட்டை முழுக்கப்
பொரித்த ஹெர்ரிங் வாசனை.

பிப்ரவரியில் நான்கு நாள் கிழக்குக் காற்று.
புயல் இல்லை, வானம் பளிச்சென்றிருந்தது,
நீரிணையில் தண்ணீர்தான் இல்லை.
ஹெல்தெர்மா துறையில் கப்பல் தரை தட்டும் என்றார்கள்.
கடல்மட்டம் எழுபது சென்டிமீட்டர் குறைவு.
என் குடலைவிடப் பத்து கூடுதல்.

அக்கரையிலிருந்து வேன் ஓட்டும் ரைத் பேசினான்.
வெளியே மைனஸ் பதினொன்று, பை உறைந்தால் வீண்,
விடுதிக்காரியின் ஃபிரிட்ஜைக் காலி செய்து வைத்திருக்கிறேன்,
அவள் தன் பாலையும் பன்றி இறைச்சியையும்
பால்கனிப் பனியில் புதைத்துவிட்டாள்,
கவலைப்படாதீர்கள் அம்மா.

என்னிடம் இருந்தது ஒரே பை. முதல் இரவோடு தீர்ந்தது.
அடுத்த இரவு வெறும் குளுக்கோஸ் சலைன்.
அதன் வழியாக ஜன்னல் தெரிந்தது,
ஜன்னல் வழியாகக் கொட்டகை விளக்கு.
பசித்தது. வயிற்றில் இல்லை,
முழங்காலில், நகத்தில், பெயர்களை நினைவுபடுத்தும் இடத்தில்.

மூன்றாம் இரவு
சலைனை முதுகுப்பையில் மாட்டிக்கொண்டு
பனியில் கொட்டகைவரை போனேன்.
சிகரெட்டோடு அகப்பட்ட பள்ளிப்பையன் போல
ரொட்டியை முதுகுக்குப் பின்னால் மறைத்தான்,
முப்பத்தெட்டு வருடக் கணவன்.
உள்ளே வந்து உட்கார்ந்து சாப்பிடு, என்றேன்.
உன் தட்டால் எனக்குப் பசி வருவதில்லை.
பதில் சொல்லாமல் ரொட்டியை ரம்பத்தின்மேல் வைத்தான்.
என் தோளைப் பிடித்து நடத்திக் கூட்டிவந்தான்.
அன்று அவனும் சாப்பிடவில்லை.
அதற்கு மட்டும் எனக்குக் கோபம் வந்தது.

விடிவதற்குள் காற்று திரும்பித்
தண்ணீரைக் கொண்டுவந்து போட்டது.
முதல் கப்பலில் ரைத்.
சமையலறையில் ஈர பூட்ஸோடு நின்றான்.
என் பழைய தராசை எடுத்து
ஒரு பையை அதன்மேல் கிடத்தினேன்.
சீட்டில் போட்டிருந்தது இரண்டாயிரத்து நூற்று அறுபது கிராம்.
தராசு காட்டியது மூன்று கிராம் அதிகம்.
சட்டப்படி சிவப்புச் சீட்டு.

தார்த்துவில் எவளோ,
கையுறையும் முகமூடியும் போட்ட எவளோ,
கண்ணாடிப் பெட்டிக்குள் கைவிட்டுக்
கொஞ்சம் தாராளமாக ஊற்றியிருக்கிறாள்.
சந்தையில் அந்தக் கிழவர்
எடை சரியான பிறகு, நான் பார்க்காத நேரம்,
ஒரு குட்டிக் கிழங்கை எறிவாரே,
கொசுறு.
ரசீதில் கையெழுத்துப் போட்டேன்.

வாம்போலா முட்டை பொரித்தான், உள்ளே, அடுப்பில்.
ரைத்தை உட்காரச் சொன்னான்.
பழக்கத்தில் மூன்று தட்டு வைத்துவிட்டான்.
பார்த்தான்.
எடுக்கவில்லை.