நட்ட ஆண்டு

பீல் நகரசபை, மூன்றாம் மாடி.
நவம்பர். நாலரைக்கே இருட்டு.
ஒன்பதாயிரத்து இருநூற்றுப் பதினான்கு மரங்களை
ஒரு கோப்பிலிருந்து இன்னொரு கோப்புக்கு ஏற்றுகிறேன்.
கிளை வெட்டும் கொம்பனியின் கணினி கிழடு;
பழைய வடிவம்தான் அதற்குச் செரிக்கும்.

புதியதில் எல்லாம் ஒரே பொதி.
பழையதில் நாலு துண்டு.
மரம் எங்கே நிற்கிறது என்று ஒன்று,
அதைத் தேடி எடுக்க ஒன்று,
அதைப் பற்றித் தெரிந்ததெல்லாம் எழுத ஒன்று,
பூமியின் எந்தக் கணக்கில் அது நிற்கிறது என்று
சொல்வதற்கு ஒரேயொரு வரியுடன் இன்னொன்று.
சேர்ந்துதான் பயணம் போகவேண்டும்.
அந்த ஒற்றை வரி தொலைந்தால் போதும்,
மரங்கள் எல்லாம் கடலில் போய் நிற்கும்.

பத்து எழுத்துக்கு மேல் தலைப்பு வைக்க விடாது.
அடிமரச் சுற்றளவுக்கு ஜெர்மனில் பதினொன்று:
கடைசி எழுத்தை நறுக்கிவிட்டது.
(மொசிமான் என்னை ஃப்ராவ் தர்மா என்பார்.
குலசிங்கம் எங்கே போனார் என்று நானும் கேட்டதில்லை.)
நட்ட ஆண்டுக்குச் சரியாகப் பத்து.
தப்பியது என்று நினைத்தேன்.

ஷூஸ் கால்வாயின் பெயரில், தலைமேல் இரு புள்ளி வைத்த எழுத்து
கேள்விக்குறியாகிக் கிடந்தது.
புள்ளி போனால் என்ன ஆகும் என்று
எனக்கு எவரும் சொல்லித்தரத் தேவையில்லை,
வாயில் இருக்கும் ஒரு பல்
பல ஆகிவிடும்.
குறியீட்டை மாற்றித் திரும்ப ஏற்றினேன். புள்ளிகள் வந்தன.
பச்சைப் பட்டை நூறைத் தொடுமுன்பே கோட்டை மாட்டிவிட்டேன்.
ஆறு நிமிடத்தில் பஸ்.

வியாழன் காலை மொசிமானின் அழைப்பு.
"ஃப்ராவ் தர்மா, ஏரிக்கரை லிண்டன்
இயேசுவுக்கே மூத்ததா?"
பின்னால் யாரோ பிரெஞ்சில் சிரித்தார்கள்.
எண்பது வயது தாண்டியவை சோதனைப் பட்டியலில் சேரும்.
அறுநூற்று முப்பத்தொரு மரம் சேர்ந்திருந்தது,
போன வசந்தத்தில் நட்டதுபோல் மெலிந்தவையும்.
எல்லாவற்றுக்கும் நட்ட ஆண்டு: பூச்சியம்.

வெறுமையாய் விட்டிருந்த கட்டங்கள் அவை.
எவர் நட்டார், எப்போது, ஏட்டில் இல்லை;
இல்லாததை எழுதாமல் விட்டவர் யாரோ
நேர்மையானவர்.
பழைய வடிவத்துக்கு வெறுமை விளங்காது.
எண் இருக்கவேண்டிய இடம் காலியாகக் கிடந்தால் பதறி
ஒரு பூச்சியத்தைக் கொண்டுவந்து குந்தவைக்கும்.

போன வருடம் குடியுரிமை விண்ணப்பம்.
கவுண்டரில் இருந்தவள் நல்ல பெண், நகங்களில் நீலப் பூச்சு.
சகோதரர் எண்ணிக்கை என்ற கட்டத்தில் நிறுத்தினாள்.
"உயிரோடு?"
ஒரு தம்பி, என்றேன்.
ஏப்ரல் மாதம், ஒரு பஸ்ஸில் ஏற்றியதைக்
கண்டவர்கள் இருக்கிறார்கள்.
கொஞ்ச நேரம் ஒன்றும் கதைக்கவில்லை.
"அப்படியென்றால், பூச்சியமா?"
வேண்டாம்.
"ஒன்று?"
விட்டுவிடுங்கள்.
விட்டால் அடுத்த பக்கம் திறக்காது என்றாள்.
இரண்டு பேரும் அந்தக் கட்டத்தைப் பார்த்தபடி இருந்தோம்.
கோடு ஒன்று அதற்குள்
மின்னி மின்னி அணைந்துகொண்டிருந்தது.

மரங்களுக்கு வழி உண்டு.
மைனஸ் ஒன்பதாயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது.
எவரும் நம்பமாட்டார்கள் என்பதாலேயே
பொய் சொல்ல முடியாத எண்.
அறுநூற்று முப்பத்தொரு கட்டத்திலும் அதை வைத்தேன்.
"இதற்கு என்ன அர்த்தம்?" என்றார் மொசிமான்.
மரம் நிற்கிறது, என்றேன்.
மிச்சத்தை நீங்கள் போய்த்தான் பார்க்கவேண்டும்.

மறுபடி ஏற்றம். பட்டை ஊரத் தொடங்கியது.
அறுபது. அறுபத்தொன்று.
கீழே பஸ் வந்து, கதவு திறந்து, மூடிப் போனது.
அடுத்ததும்.
கோட் கதிரையிலேயே கிடந்தது.