ஒற்றைக்கால் விளக்கு

திரும்பி வந்தவற்றைப் பழுதுபார்ப்பது என் வேலை.
தாம்பெரே நகரில், நவம்பரில்,
மூன்றரை மணிக்கே வெளிச்சம் கடையைக் கட்டிவிடும்.
அதற்குப் பிறகு எங்கள் பட்டறைதான்
அந்தத் தெருவின் பகல்.

உட்கார்ந்தால் பெருமூச்சு விடும் நாற்காலி ஒன்று வந்திருக்கிறது.
விருந்தாளிகள் அதனிடம் மன்னிப்புக் கேட்கிறார்களாம்.
இரண்டு பேர் சேர்ந்து இழுத்தால் மட்டும்
திறக்கும் மேசை ஒன்று.
விவாகரத்துக்குப் பின் யாரோ உளி வைத்திருக்கிறார்கள்.

இன்று காலை, மறுபடியும்,
கொக்கு.

எங்கள் வென்லா வடித்த விளக்கு அது.
ஒரே கால், வளைந்த கழுத்து, பித்தளை அலகில் பல்பு.
ஒன்பது நிமிடம் அறையில் அசைவில்லையென்றால்
ஆளில்லை என்று முடிவுகட்டி
தலையைத் தொங்கப்போட்டுத்
தூங்கிப்போகும்.
"பொருளுக்கும் ஒரு மனசு வேண்டாமா?" என்பாள்.
விலையைக் கேட்டால் நமக்குத்தான் மனசு விட்டுப்போகும்.

முதல் தடவை கூடவே ஒரு தாள் வந்தது:
"ஐயா, நான் அசையாமல் வாசிக்கிறவன்.
ஒன்பது நிமிடத்துக்கு ஒருமுறை
பள்ளிக்கூடத்தில் ஆஜர் சொல்வதுபோல்
கையைத் தூக்க வேண்டியிருக்கிறது.
எழுபத்தொரு வயதில்
நான் இருக்கிறேன் என்று
ஒரு விளக்குக்கு நிரூபிக்க முடியாது.
ஊர்போ லெஹ்தோவாரா, நான்காம் மாடி."

நியாயம்தானே.
சென்சாரைக் கழற்றிக் கூர்மையாக்கி அனுப்பினேன்.
பக்கம் புரட்டினால் போதும்,
மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டால் போதும்,
கொக்கு விழித்தே இருக்கும்.
வென்லா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

இன்றைய தாளில் எழுத்து கொஞ்சம் சாய்ந்திருக்கிறது:
"ஐயா, பழுதைத் திருப்பித் தாருங்கள்.
நீங்கள் சரிசெய்து அனுப்பிய அன்று
விளக்கு அணையவே இல்லை. சும்மா நிமிர்ந்தேன்.
முற்றத்துக்கு அந்தப் பக்கம், எதிர் ஜன்னலில்
பச்சை ஸ்வெட்டர் போட்ட ஒரு பெண்மணி
கையைத் தூக்கியபடி நின்றிருந்தார்.
வெகுநேரம்.
பிறகுதான் உறைத்தது.
விளக்குக்கு நான் காட்டிய கைக்கெல்லாம்
அங்கிருந்து பதில் வந்துகொண்டிருந்திருக்கிறது.
இப்போது எனக்குக் கை தூக்கக் காரணமில்லை.
காரணமில்லாமல் கை காட்டுகிற ஜனமா நாம்?
உங்களுக்கே தெரியும்."

மேசைமேல் கொக்கு நிற்கிறது,
அவரைப் போலவே, ஒற்றைக்காலில்.

நல்ல பொருளைக் கெடுப்பது
கெட்டதைச் சரிசெய்வதைவிடச் சிரமம்.
ஒரு மணி நேரம் பிடித்தது.
ஒன்பதை ஏழாக்கினேன்.
அவர் கேட்கவில்லை.
'செய்த வேலை' என்ற கட்டத்தில்
'தூசி தட்டப்பட்டது' என்று எழுதினேன்.

சோதித்துப் பார்க்க வேண்டுமே.
ஏழு நிமிடம் மூச்சைப் பிடிக்காத குறையாக உட்கார்ந்திருந்தேன்.
கொக்கு தலையைத் தாழ்த்தியது.
பட்டறை இருட்டானதும் தெரு தெரிந்தது,
டிராம் நிறுத்தத்தில் ஒருவர், தோளில் பனி.
இந்தப் பக்கமாகத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

கையைத் தூக்கினேன்.

விளக்குக்காகத்தான்.