இரவு ஷிஃப்ட்

ரோஸ் பெல் பேக்கரியின் பின்கட்டில்
ஒரு பச்சைப் பலகை,
அதில் இருபத்திரண்டு ஆணிகள்.
ஒவ்வோர் ஆணியிலும் ஒரு பெயர் தொங்க வேண்டும்.
இன்றைக்குப் பதினான்கு.

பெயர் மாட்டுகிறவள் நான்.
லோகவதி. வயது ஐம்பத்தொன்பது.
இந்த வேலைக்கு வந்த புதிதில்
ஓர் ஆணிக்கு மூன்று பேர்
வாசலில் நின்றார்கள்.
ஒருவனைத் திருப்பி அனுப்பினேன்.
முகம் மறந்துவிட்டது,
சட்டைப்பையில் மூடியில்லாத பேனாவும்
அதைச் சுற்றி நீலக் கறையும் நினைவிருக்கிறது.
இப்போது வந்தானென்றால்
நாற்காலி போடுவேன்.

அமைச்சகத்தின் படிவம் கேட்கிறது:
வெளிநாட்டுத் தொழிலாளி எதற்கு?
உள்ளூரில் தேடினீர்களா?
தேடினேன் ஐயா.
நாளிதழில் மூன்று முறை,
கோவில் பலகையில் ஒரு முறை,
பஸ் நிலையத்துத் தோல் பூரிக் கடையின் கண்ணாடியில்
எண்ணெய் ஊறிக் கிழியும்வரை:
மாவு பிசைய ஆள் தேவை. இரவு வேலை.
சாப்பாடு உண்டு, வேன் உண்டு.

வந்தது ஒரே விண்ணப்பம்.
மர்தேமுத்து செல்லென்.
போன வருடம்தான்
மாலை போட்டு, கேக் வெட்டி,
சுவர்க்கடிகாரம் கொடுத்து
ஓய்வுக்கு அனுப்பிவைத்தோம்.
அனுபவம் என்ற இடத்தில்
‘உங்களுக்கே தெரியும்’ என்று எழுதியிருந்தார்.
கடிகாரம் நின்றுவிட்டதாம்,
அதையும் எழுதியிருந்தார்.
முழங்கால் எப்படி என்றேன்.
ஒன்று வரும், ஒன்று யோசிக்கும் என்றார்.

எட்டு ஆணி இன்னும் காலி.
ஆகவே நிரப்புகிறேன்:
கொமில்லா மாவட்டம், எட்டுப் பேர், ஆண்.
முன்பே வந்தவர்களில்
ஷோஹெல் கொஞ்சம் வாயாடி.
நேற்று பாதிக் கிரியோலில் கேட்டான்:
அக்கா, இந்த ஊரில் பிள்ளைகள் எங்கே?
பள்ளிக்கூட வாசலில் இறக்கும் பெட்டி
மூன்றிலிருந்து ஒன்றாகிவிட்டது,
முதியோர் இல்லத்துக்கோ ஏறிக்கொண்டே போகிறது,
ஓரம் வெட்டித் தரச் சொல்கிறார்கள்.

விரலை மடக்கிப் பார்த்தேன்.
அம்மாவுக்கு ஒன்பது பிள்ளைகள்.
எனக்கு ஒன்று.
அந்த ஒன்றுக்கு இன்னும் இல்லை,
கேட்டால் பேச்சை மாற்றுகிறான்.

அந்த ஒன்று, கவிலென்,
லியோன் நகரத்து இல்லமொன்றில்
யாரோ ஒரு மதாமைக்
காலை ஏழு மணிக்கு அக்குளில் கைகொடுத்துத் தூக்கி
ஜன்னலோரம் உட்கார வைக்கிறான்.
அங்கேயும் ஆளில்லையாம்.
தீபாவளிக்கு லீவு இல்லை.
அந்த அம்மாளுக்கு இவன் பெயர் வாயில் வராது,
கெவின் என்று கூப்பிடுகிறாள்,
போகிறான்.

ஷோஹெலின் அம்மா
யார் கையைப் பிடித்து எழுந்திருக்கிறாள் என்று
நான் கேட்கவில்லை.
கேட்டால் சொல்லிவிடுவான்.

மணி மூன்று. அடுப்பு திறந்து
முதல் தட்டு வெளியே வருகிறது.
ஒரு முனையை மர்தேமுத்து பிடிக்க
மறுமுனையில் ஷோஹெல்.
இருவருக்கும் பொதுவாக இருபது சொற்கள்,
அதில் பதினைந்து வசை.
தட்டு சாயவில்லை.

படிவத்தில் ஒரு கேள்வி பாக்கி:
எத்தனை ஆண்டுக்குத் தேவை?
சின்னக் கட்டம்,
இரண்டு இலக்கத்துக்குத்தான் இடம்.
பேனாவை மூடி வைத்தேன்.

மேசை இழுப்பறையில் என் பழைய பெயர்த்தகடு கிடந்தது.
முந்தானையால் துடைத்து
பதினைந்தாம் ஆணியில் மாட்டிவிட்டுக்
கை கழுவப் போனேன்.