நூறில் பதினான்கு

மஞ்சூரில் காலை பத்து மணிக்கும்
விளக்கைப் போட்டுத்தான் நரம்பைத் தேட வேண்டும்.
மேகம் கதவைத் தட்டுவதில்லை.
டோக்கன் வாங்கியதுபோல் நேராக வந்து
ரத்தமெடுக்கும் நாற்காலியில் உட்கார்ந்துவிடும்.

இன்று அதை விலக்கி உட்கார்ந்தவள் சுகிர்தா.
ஏழு வயது, கைகாட்டி லைன் வீடு.
மூக்கின் குறுக்கே ஒரு கோடு,
உள்ளங்கையால் மேல்நோக்கித் தேய்த்துத் தேய்த்து
அவளே போட்டுக்கொண்டது.
மூச்சு வெளியே வரும்போது
விசிலுக்கு முந்தைய குக்கரின் சத்தம்.
ஊதா மூடிக் குழாயில் இரண்டு மில்லி எடுத்தேன்.
அழவில்லை.
"இது திரும்ப ஊறுமா?" என்று மட்டும் கேட்டாள்.

கண்ணாடிச் சில்லில் ஒரு துளி.
இழுத்தால் நாக்கின் வடிவம்.
சாயம் ஊற்றினால் எட்டு நிமிடம் சும்மா இருக்க வேண்டும்.
அதற்குள் ஒரு டீ குடித்தேன்.
அவள் அப்பா ராத்திரி ஷிப்டில்
முகத்தில் துண்டு கட்டிச் சலித்த தூளாகவும் இருக்கலாம்.

லென்சுக்கு அடியில் சிவப்பணுக்கள் வெறும் கூட்டம்.
நான் தேடுவது வெள்ளையை.
பாதிக்கு மேல் வெளிறிய ஊதா,
எங்கும் இருப்பவை, எண்ணிவிட்டுக் கடந்துபோகலாம்.
நடுநடுவே இவை, இயோசினோஃபில்.
மூக்குக்கண்ணாடி மாதிரி இரட்டை உட்கரு,
உடம்பெல்லாம் ஆரஞ்சு மணிகள்,
நெய் விட்டுக் கிளறிய கேசரி.

கட்டையை அழுத்த அழுத்த எண் ஏறும்,
நூறானதும் கருவியில் மணி அடிக்கும்.
நாலைந்து என்றால் யாரும் பேசமாட்டார்கள்.
எட்டு. ஒன்பது.
ஓரத்தில் ஒன்று உடைந்து மணிகள் சிதறிக் கிடந்தது,
அதை எண்ணவில்லை.
பதினான்கு.
மணி அடித்தது.

சி.ஆர்.பி. சரியாக இருக்கிறது.
கிருமி வந்த தடயம் இல்லை.
திருடன் நுழையாத வீட்டில்
எல்லா விளக்கும் எரிகிறது,
எல்லோரும் விழித்திருக்கிறார்கள்.

சீகை பூக்கும் மாதம் இது.
அது மட்டும்தானா என்று
யோகமலரிடம் வீட்டுச் சுவரைப் பற்றிக் கேட்டேன்.
"கறுப்பா பூத்திருக்கு மேடம். துடைச்சா திரும்ப வருது."
பிறகு குரலைத் தாழ்த்தி,
"அந்த நம்பரைக் கொஞ்சம் குறைச்சுப் போட முடியுமா?
வீடு மாறச் சொல்றார் டாக்டர்.
வீடு வேலையோட சேர்ந்தது மேடம்.
வேலையை விட்டாத்தான் வீட்டை..."
முடிக்கவில்லை.
மகளின் ஸ்வெட்டரில் பொத்தான் போடத் தொடங்கினாள்,
ஏற்கெனவே போட்டிருந்த பொத்தான்.

திரும்ப எண்ணினேன். விதிப்படி தேவையில்லை.
சில்லை வேறு பக்கம் நகர்த்தினால் பன்னிரண்டு.
இன்னொரு பக்கம் பதினைந்து.
மூன்றும் அவளுடைய எண்தான்.
பன்னிரண்டு என்று எழுதினால் பொய்யில்லை.
பன்னிரண்டு என்று எழுதினாலும் சுவர் காயாது.
பதினான்கு என்றே எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.
யோகமலர் படித்துப் பார்த்து
இரண்டாய் மடித்து
ரேஷன் கார்டு இருந்த பையில் வைத்தாள்.

சுகிர்தா ஸ்டூலில் ஏறிக்கொண்டாள்.
எந்தக் கண்ணால் பார்ப்பது என்று சொல்லிக்கொடுக்க
கொஞ்ச நேரம் ஆனது.
"ஆரஞ்சா இருக்கே, அது என்னுதா?"
உன்னோடதுதான்.
"இத்தனை பேர் எதுக்கு?"
அவள் மூச்சில் கண்ணாடி மங்கியது.
துடைத்தேன். திரும்ப மங்கியது.

ஐ.ஜி.ஈ. பார்க்கும் கருவி இங்கே இல்லை.
மூன்று மணி கோவை பஸ்சில் ஐஸ் பெட்டி போக வேண்டும்.
போன வாரம் கெத்தையில் யானை நின்று
இரண்டு மணி நேரம் ரத்தமும் காத்திருந்தது.
பெட்டியை வாங்கிய கண்டக்டர்
"மீனா?" என்றார்.
"குழந்தை" என்று வாயில் வந்துவிட்டது.
"அப்ப இஞ்சின் பக்கம் வேண்டாம், சூடு" என்று
தன் சீட்டுக்கு மாற்றிக்கொண்டார்.