வந்த தேதி

படிவத்தில் ஏழாவது கட்டம்:
இந்தியா வந்த தேதி.
2003 நவம்பர் 19 என்று எழுதினேன்.
எட்டாவது: வந்த வழி.
தருமபுரி அரசு ஆஸ்பத்திரி, பிரசவ வார்டு,
சன்னல் ஓரக் கட்டில்.
கட்டில் எங்கே கிடைச்சது, தரைதான் என்று
அம்மா பிறகு திருத்தினாள்.

கலெக்டர் ஆபீசில் சென்றாயன் சார்
சிரிக்கவில்லை. கோபப்படவும் இல்லை.
பேனா மூடியைப் பல்லால் கழற்றி
‘ராமேஸ்வரம்னு போடும்மா,
இல்லேன்னா சிஸ்டம் எடுக்காது’ என்றார்.
போட்டேன்.
அம்மா வந்த தேதியையே எனக்கும் போட்டார்.
பிறப்பதற்குப் பதின்மூன்று வருசம் முன்னால்,
நான் பார்த்தேயிராத கடல் வழியாக
நான் பிறந்த ஊருக்கு வந்து சேர்ந்தேன்.

நாகாவதி அணையோரம் எங்கள் முகாம்.
அணையில் தண்ணீர் இருந்தால் மீன்,
இல்லாவிட்டால் கிரிக்கெட்.
பலகையில் இப்போது ‘மறுவாழ்வு’ என்று எழுதியிருக்கிறது.
நல்ல பெயின்ட்.
வீட்டுக்குள் நான் கதைப்பேன்,
பென்னாகரம் பஸ்ஸில் பேசுவேன்.
கண்டக்டருக்கு இதுவரை தெரியாது.

பதினாலாம் நம்பர் வீட்டில் அண்ணன் தம்பி.
மூத்தவர் கிருபாகரன், 1987 ஜூன் 28.
ஜூலை ஒன்றாம் தேதி சட்டம் மாறியது.
இளையவர் நிமலேசன், அடுத்த வருசம் ஆவணி.
ஒரே தாய், மண்டபத்தில் ஒரே கொட்டகை.
மூத்தவரிடம் பாஸ்போர்ட் இருக்கிறது,
பாலிதீன் உறையோடு, அரிசி டிரம்முக்குள்.
இளையவர் மாதம் தவறாமல் ஆள்கணக்குக்கு நிற்கிறார்.
அன்றைக்கு அவர் வேலைக்கு
பைக்கை எடுத்துக்கொண்டு அண்ணன் போவார்.

ஓசூர் கம்பெனியில்
சர்க்யூட் போர்டில் கண்ணுக்குத் தெரியாத பிசிறைப்
பிடிப்பதில் நான்தான் முதல்.
புது மெஷின் பழக ஆறு பேரைத் தைவான் அனுப்பினார்கள்.
பட்டியலில் முதல் பெயர் துவாரகா.
‘பாஸ்போர்ட் நகல்?’ என்றார் ரோஸ்லின் மேடம்.
ஆதார், முகாம் அட்டை, வங்கிப் புத்தகம்,
பத்தாம் வகுப்பில் நானூற்று எழுபத்தொன்று,
எல்லாவற்றையும் மேசையில் பரப்பினேன்,
தோற்கப்போவது தெரிந்தும்
சீட்டை இறக்குகிறவள் போல.
மேடம் ஒவ்வொன்றாகப் பார்த்தார். நேரம் எடுத்துப் பார்த்தார்.
ஐந்து பேர் போனார்கள்.

என் விண்ணப்பம் டெல்லியில் இருக்கிறது என்றார்கள்.
சென்னையில் என்றார்கள்.
ஒருமுறை, தருமபுரியிலேயே, அடுத்த அறையில்,
பீரோவுக்கு மேலே என்றார்கள்.
கதவு பூட்டியிருந்தது.
சாவி வைத்திருப்பவர் பழனி பாதயாத்திரையில்.

போன வருசம் ஓர் ஆணை வந்தது.
பாஸ்போர்ட்டும் விசாவும் இல்லாததற்காக
எங்களை இனித் தண்டிக்க மாட்டார்களாம்.
முகாமே கேசரி கிண்டியது.
ராத்திரி அம்மா போனில் அதை மறுபடி வாசிக்கச் சொன்னாள்.
வாசித்தேன்.
குடியுரிமை என்ற சொல் வருகிறதா என்றாள்.
தேடினேன். கீழே வரை தேடினேன்.
‘அப்ப இவ்வளவு காலமும்
தண்டிச்சிருக்கலாமோ பிள்ளை?’
என்னிடம் பதில் இல்லை.
கேசரியில் முந்திரி இருந்தது.

தைவானிலிருந்து பிரேமலதா இரவில் வீடியோவில் வருவாள்.
மெஷினின் வயிற்றைத் திறந்து காட்டுவாள்.
ஹாஸ்டல் மாடிப்படியில் உட்கார்ந்து
நோட்டில் வரைந்துகொள்வேன்.
‘அந்தப் பச்சை ஒயருக்குப் பின்னால என்னடி?’
அவள் விரலை விடுவாள், சூப்பர்வைசர் திட்டுவது கேட்கும்.

போன வாரம் மெஷின் வந்து இறங்கியது.
போனவர்கள் இன்னும் திரும்பவில்லை.
நோட்டைப் பார்த்து நானே பூட்டினேன்.
நாலாவது முயற்சியில் ஓடியது.
எல்லோரும் கை தட்டினார்கள்.

பெட்டியின் பக்கவாட்டில் ஒரு தாள் ஒட்டியிருந்தது.
புறப்பட்ட தேதி, வந்த துறைமுகம், வந்த தேதி,
அனுமதித்த தேதி.
கூட்டிப் பார்த்தேன். பதினோரு நாள்.

ஞாயிறு ஆள்கணக்கு.
சனி ராத்திரி ஷிப்டை
யாரிடமாவது மாற்றிக் கேட்க வேண்டும்.