வேறு

ஹட்டன் வங்கியில் கடன் அதிகாரி
திரையை விட்டுக் கண்ணெடுக்காமல் கேட்டார்:
என்ன படிச்சிருக்கீங்க?
மெய்யியல், என்றேன். பேராதனை, நாலு வருஷம்.

பட்டியலை மேலே தள்ளினார், கீழே தள்ளினார்.
முகாமைத்துவம் இருந்தது, கணக்கியல் இருந்தது,
தையல் டிப்ளோமாகூட இருந்தது.
கடைசியில் ஒரு சொல்லைத் தொட்டார்:
வேறு.

"ஹார்ட்வெயார் கடைக்கு அது எதுக்கு மிஸ்?"
கேலியில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.
எனக்கு வாய் வரவில்லை.
இந்த மாதிரிப் பதில்கள் பஸ்ஸில்தான் வரும்,
அதுவும் கொட்டகலை தாண்டி
கண்ணாடியெல்லாம் பனி படிந்த பிறகு.

போன ஐப்பசியில் செபமாலை அக்கா வந்தார்,
அரையங்குலக் குழாய்க்கு வாஷர் கேட்டு.
குழாயையே கழற்றித் தாளில் சுற்றி எடுத்துவந்திருந்தார்.
பிடி போன வருஷம் மாற்றியது.
தண்டு அதற்கு முந்திய வருஷம்.
புதுசே வாங்கலாமே அக்கா, என்றேன்.
"இது அவரு பூட்டுனது."

அவர் பூட்டியதில் இனி என்ன மிச்சம்?
ஒரு மரக்கலத்தின் பலகைகளை ஒவ்வொன்றாகக் கழற்றி
இரண்டு மணிநேரம் இதையே கேட்டோம் ஒரு நாள்,
மகாவலிப் பக்கத்து ஜன்னலோரம்.
விடை வருமுன் பாடவேளை முடிந்தது.
வாஷரைப் போட்டு இறுக்கினேன்.
அதே குழாய்தான் அக்கா, என்றேன்.
முப்பது ரூபா.

சுற்றியிருந்த தாளை அப்போதுதான் பார்த்தேன்.
தோட்ட நிர்வாகத்தின் கடிதம்.
மேலே சிங்களம், கீழே தமிழ்.
"லயத்தில் வசிப்பவரும் பதிவில் உள்ளவரும்
காணித்துண்டுக்கு உரித்துடையர்."
"எனக்குத்தான் பேர் வெட்டியாச்சே," என்றார்.
"அதான் குழாய் சுத்த எடுத்தேன்."

வசிப்பவரும். உள்ளவரும்.
இரண்டு பேரா, இரண்டுமான ஒரே ஆளா?
அந்த இரண்டு 'உம்'களில்
ஒரு வீடு தொங்கிக்கொண்டிருந்தது.
சிங்களத்தில் தேடினேன்: 'ஹோ' என்றிருந்தது.
அல்லது.

பில் புத்தகத்தின் முதுகில் கோடு போட்டேன், நாலு வரிசை.
'அல்லது' என்றால் மூன்று வாசல் திறக்கும்.
இரண்டும் வேண்டுமென்றால் ஒன்றே ஒன்று.
இரண்டாம் வரிசையில் விரல் வைத்து, இது நீங்க, என்றேன்.
அக்கா தன்னைக் குனிந்து பார்த்தார்.

பெரிய கிளாக்கர் இரண்டு தடவை வாசித்தார்.
மொழிபெயர்ப்புப் பிழையாக இருக்கலாம், என்றார்.
எந்தப் பக்கம் பிழை என்று சொல்லவில்லை.
மேன்முறையீடு போயிருக்கிறது. ஏழு மாதம்.

படிப்பு எல்லாவற்றுக்கும் உதவியது என்று சொல்லமாட்டேன்.
கட்டிப்போன சீமெந்து நாற்பது மூட்டையை
நல்லதென்று நம்பி வாங்கியவள் நான்தான்.
"நீ எப்பவும் இப்படித்தான்" என்று மோகனராஜ் கத்தியபோது
'எப்பவும்' என்பதை உடைக்க
ஒரே ஒரு எதிர் உதாரணம் போதும் என்று
நாக்கு நுனிவரை வந்தது.
விழுங்கிக்கொண்டேன்.
அதையும் அங்கேதான் படித்தேனா, தெரியாது.

தலவாக்கலையில் இறங்கிக் கடையைத் திறந்தபோது
வங்கியிலிருந்து அழைப்பு.
"மிஸ், 'வேறு' என்று போட்டால் விவரமும் கேட்குது.
இருபது எழுத்துக்குள்ளே."

மெய்யியல் என்றே போடுங்க, என்றேன்.
ஐந்தே எழுத்து.
மிச்சம் பதினைந்து இடம் காலியாகக் கிடக்குமே, என்றார்.
கிடக்கட்டும்.
ரெண்டங்குல ஆணி கேட்டு
ஒருவர் மழையில் நிற்கிறார்.