எண்பதடி

ஊர்ப் பெயர் வேண்டாம், கோப்பில் இருக்கிறது.
தேவிபட்டினத்துக்கு வடக்கே
சீமைக்கருவேலம் முடிந்து
நண்டுவலைகள் காயத் தொடங்கும் இடம்
என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சமாதானக் கூட்டம் காலை பதினொன்றுக்கு.
டீ இரண்டு முறை வந்தது.
முளைப்பாரி கடலுக்குப் போகும் வழியில்
பள்ளிவாசல் வருமுன் கொட்டு நிற்க வேண்டும்.
இதில் இரு தரப்புக்கும் சம்மதம்.
எத்தனை அடிக்கு முன் என்பதில்தான்
டிஎஸ்பிக்கு மத்தியானச் சாப்பாடு தவறியது.

நூறு என்றார் சீனி நைனா.
அறுபது என்றார் நம்புராஜன்.
தாசில்தார் கூட்டி இரண்டால் வகுத்தார்.

பிறகு அளக்க ஆள் பார்த்தார்கள்.
பெயரென்ன என்று கேட்டார்கள்.
சவரிராயன், தாலுகா சர்வேயர்.
இருவர் முகமும் ஒரே சமயத்தில் தெளிந்தது.
இருபத்தொரு வருட சர்வீஸில்
என் பெயர் இப்படியொரு தகுதி பெற்றதில்லை:
இவர்களும் இல்லை, அவர்களும் இல்லை.

(எங்கள் ஊரில்
சப்பரம் எந்தத் தெருமுனை வரை வரலாம் என்று அளக்க
ஒருமுறை வெளியூர் சர்வேயர் வந்தார்.
பெயர் அப்துல் ஹை.
இரண்டு தெருவும் போட்டிபோட்டு மோர் கொடுத்தோம்.)

டேப்பின் பூஜ்யத்தை எங்கே வைப்பது?
வாசற்படியில் என்றார் ஒருவர்.
மதில் மூலையில் என்றார் ஒருவர்.
மினாரா நிழல் விழுகிற இடத்தில் என்று
ஒரு பையன் கத்தினான்.
நிழல் நகருமேடா என்று
அவன் பக்கத்து ஆளே அவனை அடக்க
இரண்டு பக்கமும் சிரித்தது.
அன்றைக்கு அது ஒரு முறைதான்.

ஆடிமாதக் கச்சான்.
டேப் வயிற்றைத் தள்ளிக்கொண்டு படபடத்தது.
தொய்ந்தால் அடி கூடும்,
இறுக்கினால் குறையும்.
எவ்வளவு இறுக்குவது என்பது கைப்பழக்கம்,
எந்த விதியிலும் இல்லை.

அளவுக்குள் ஒரு வலைக்கடை வந்தது.
நடத்துவது நம்புராஜன் மச்சினன்,
கட்டிடம் சீனி நைனாவின் தங்கையுடையது.
வாடகை நாலு மாதம் பாக்கி என்று
கொடுக்க வேண்டியவரும் சொன்னார்,
வாங்க வேண்டியவரும் சொன்னார்,
தனித்தனியாக, என் காதில்.
நான் எண்பதில் ஆணி அடித்தேன்.

எல்லோரும் ஜீப் பக்கம் போனபின்
கொட்டுக்காரர் பூவலிங்கம் வந்தார்.
சார், போன வருசம் வரைக்கும்
நானாத்தான் நிப்பாட்டுவேன்.
எங்கே?
அந்தா, அந்த வேம்புக்குக் கீழ.
தோள் கடுக்கும், வாரை இறுக்கணும்,
பள்ளி தாண்டித்தான் அப்புறம் அடிப்பேன்.
ஆரும் சொன்னதில்ல. ஆரும் கேட்டதுமில்ல.

ஒரு முனையை அவர் பிடித்தார்.
வேம்பு வரை நூற்றுப் பன்னிரண்டு அடி.
சந்தேகப்பட்டு மறுபடி இழுத்தேன்.
நூற்றுப் பன்னிரண்டுதான்.

உத்தரவில் மரம் இல்லை.

சாயங்காலம் வெள்ளைக்கோடு போட்டார்கள்.
முளைப்பாரி வந்தது.
வேம்பைத் தாண்டிக் கொட்டு நிற்கவில்லை.
வார் நழுவியும் பூவலிங்கம் அடித்தார்,
பின்னால் பையன்கள் அடி, அடி என்றார்கள்.
பெண்கள் தலையில் வெளிறிய மஞ்சள் முளைகள் அதிர்ந்தன.
கோட்டில் வந்து
கத்தரித்தாற்போல் நின்றது.
மாடி ஜன்னல் ஒன்று அப்போதுதான் சாத்தப்பட்டது.
அதற்கப்பால் செருப்புச் சத்தம்,
யாரோ ஒரு கான்ஸ்டபிளின் இருமல்.

அறிக்கையில் எழுதினேன்:
அசம்பாவிதம் ஏதுமின்றி.

மழை இரண்டு போய்விட்டது.
கோடு அழிந்து திரும்பப் போட்டிருக்கிறார்கள்,
இம்முறை கொஞ்சம் அகலமாக.
வேறொரு பட்டா விஷயமாய்ப் போனபோது
ஷேர் ஆட்டோக்காரன் கேட்டான்:
எங்க இறங்கணும், எண்பதடியா?
பக்கத்தில் புர்கா அணிந்த பெண்
ஐஸ்பெட்டியை மடியில் ஏற்றிக்கொண்டு சொன்னாள்:
எனக்கும் எண்பதடிதான்.

என் அளவுப் புத்தகத்தின் ஓரத்தில்
பென்சிலில் 112 என்று இருக்கிறது.
எங்கிருந்து எதுவரை என்று
எழுதாமல் விட்டிருக்கிறேன்.